அட்டையும் சாட்சி சொல்கிறது

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கு நூலகத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்து. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு நாவலைக் கொண்டுவந்தார். கொண்டுவந்தார் என்பதைவிட இரு விரல்களால் பற்றித் தூக்கிவந்தார் என்பதே பொருந்தும். "சாமி, இந்த நூல் நம் நூலகத்தில் இருக்கலாமா?" என்று கேட்டார். அட்டையைப் பார்த்தேன். சேலை நழுவிய நிலையில் சாய்ந்திருக்கும் ஓர் இளம்பெண், பின்னால் முழுநிலவு. "உள்ளே படித்தீர்களா?" என்றேன். "இதைப் பார்த்த பிறகு உள்ளே வேறு படிக்க வேண்டுமா?" என்றார்.

அந்த நாவலை நான் முன்பே படித்திருந்தேன். பஞ்சாலை மூடப்பட்டு வேலையிழந்த ஒரு கைம்பெண், மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் கதை அது. நிலவொளியில் அவள் சாய்ந்திருக்கும் காட்சி அதில் எங்குமே இல்லை; சாய்ந்திருக்க அவளுக்கு நேரமும் இல்லை. முதல் இரண்டு அதிகாரங்களையாவது படியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இரு வாரங்கள் கழித்து ஆசிரியர் வந்தார். நூலுக்குச் செய்தித்தாளால் உறை போட்டிருந்தார். "நல்ல நூல், சாமி. என் பேத்தியும் படிக்கட்டும் என்று மேசைமேல் வைக்கத்தான் மனம் வரவில்லை. அதனால்தான் இந்தத் தாள்" என்றார்.

பேத்திக்கும் அந்த நாவலுக்கும் குறுக்கே நின்றது எது? எழுத்தாளர் அல்லர்; கதை அல்ல; அட்டை. எழுதியவர் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சொன்ன உண்மையை, அட்டை ஒரே பார்வையில் பொய்யாக்கிவிட்டது. ஒரு நாவலின் அட்டை அழகாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அது உண்மையாக இருக்கிறதா என்றும் கேட்டாக வேண்டும். இதுவே என் வாதம். இது ஓவியர்களின் தனி விவகாரம் என்று வாசகர் ஒதுங்கிக்கொள்ளலாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல விழைகிறேன்.

உறையிலிருந்து முகத்திற்கு

மேலைநாடுகளில் நூலின் தாளுறை முதலில் தோன்றியது தூசியும் கறையும் படியாமல் காப்பதற்காகவே. வாங்கியவர் அதைக் கழற்றி எறிந்துவிடுவார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே அது படமும் வண்ணமும் ஏற்று, கடைக்கண்ணாடியில் நின்று வாசகரை அழைக்கும் முகமாயிற்று. எறியப்படும் தாளுக்குப் பொறுப்பு ஏதும் இல்லை. முகத்திற்கோ பொறுப்பு உண்டு. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. நாவலை எல்லாருக்கும் முன்பாகப் படித்துப் பொருள் சொல்பவர் அட்டை ஓவியரே. திறனாய்வாளர் பிறகுதான் வருகிறார். அவரது உரையை விரும்பியவர் படிக்கலாம், விரும்பாதவர் விடலாம். அட்டை சொல்லும் உரையிலிருந்து எவரும் தப்ப முடியாது. நூலைத் திறக்கும் முன்பே அது நம் கண்ணில் புகுந்து, கதைமாந்தருக்கு ஒரு முகத்தைத் தந்துவிடுகிறது. அந்த முகம் தவறானதாயின் முந்நூறு பக்கங்கள் படித்தாலும் அதை அழிப்பது அரிது.

வரையக் கூடாத பூச்சி

இதை நன்கு உணர்ந்திருந்தவர் பிரான்ஸ் காஃப்கா. கிரெகோர் சம்சா எனும் விற்பனைப் பிரதிநிதி ஒரு காலையில் அருவருப்பான ஓர் உயிரியாக மாறிக் கிடக்கும் 'உருமாற்றம்' எனும் அவரது கதை, 1915ஆம் ஆண்டு குர்ட் வோல்ஃப் பதிப்பகத்தின் நூலாக வெளிவரவிருந்தது. அட்டையை ஓட்டோமார் ஸ்டார்கே வரையப்போகிறார் என்றறிந்த காஃப்கா, அவ்வாண்டு அக்டோபர் 25 அன்று பதிப்பகத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். ஓவியர் அந்தப் பூச்சியையே வரைந்துவிடுவாரோ என்பது அவரது அச்சம். அதை வரையலாகாது, தொலைவில் தெரிவதாகக்கூட வரையலாகாது என்று மன்றாடினார். மாற்று வழியும் அவரே சொன்னார். மூடிய கதவின் முன் பெற்றோரும் அலுவலக மேலாளரும் நிற்கட்டும். அல்லது, ஒளியுள்ள அறையில் பெற்றோரும் தங்கையும் இருக்க, பக்கத்து இருட்டறையின் கதவு திறந்திருக்கட்டும். இந்த இரண்டாவதே மேல் என்றார்.

ஸ்டார்கே வரைந்த அட்டையில் பூச்சி இல்லை. வீட்டு அங்கியணிந்த ஓர் ஆள் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு முன்னோக்கி நடக்கிறான். அவனுக்குப் பின்னால் பாதி திறந்த கதவு, அதற்கப்பால் கருமை.

காஃப்கா ஏன் இவ்வளவு பதறினார்? அவர் கையாண்ட ஜெர்மன் சொல் குறிப்பிட்ட எந்தப் பூச்சியின் பெயரும் அன்று. அழிக்கத்தக்கதாக, தூய்மையற்றதாகக் கருதப்படும் சிற்றுயிர் என்றே பொருள்படுவது. கிரெகோர் எந்தப் பூச்சியானான் என்பது கதையின் வினா அன்று. உழைத்துச் சோறு போட்ட மகன் இனிப் பயன்படான் எனத் தெரிந்ததும் குடும்பம் அவனை என்ன செய்கிறது என்பதே வினா. கரப்பானை வரைந்தால் வாசகர் பூச்சியைப் பார்ப்பார். கதவை வரைந்தால் குடும்பத்தைப் பார்ப்பார். இதுதான் கருப்பொருளை வரைவதற்கும் சம்பவத்தை வரைவதற்கும் உள்ள வேறுபாடு. பின்வந்த பதிப்புகள் பல அந்தக் கடிதத்தை மதியாமல் வண்டையும் கரப்பானையும் அட்டையில் ஊரவிட்டன. ஆசிரியர் 1924இலேயே மறைந்துவிட்டார், தடுக்க ஆளில்லை.

கதைக்குள் புகுந்த ஓவியம்

அப்படியானால் ஓவியர் எழுத்தாளரின் ஏவலாள்தானா என்று கேட்கலாம். இல்லை. இதற்கு மறுதலையான ஒரு நிகழ்ச்சி 1925இல் நியூயார்க்கில் வெளிவந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலின் வரலாற்றில் உண்டு. அதன் அட்டையை வரைந்தவர் பிரான்சிஸ் குகாட். கருநீல இரவு வானம்; அடியில் கேளிக்கை நகரின் விளக்கொளி; வானத்தில் மிதக்கும் இரு பெண் கண்களும் செவ்விதழ்களும்; முகத்தின் வடிவம் இல்லை; கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துளிக் கண்ணீர்.

நாவல் எழுதி முடியும் முன்பே இந்த அட்டையின் முயற்சி தொடங்கிவிட்டது. அதைக் கண்ட ஆசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு, 1924இல் தம் பதிப்பாசிரியர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸுக்கு எழுதிய கடிதத்தில், அந்த அட்டையை வேறு எந்த நூலுக்கும் கொடுத்துவிட வேண்டாம், அதைத் தாம் கதைக்குள்ளேயே எழுதிச் சேர்த்துவிட்டதாகத் தெரிவித்தார். கதையில் சாம்பல் மேட்டின்மேல் விளம்பரப் பலகையில் விழித்துக்கொண்டிருக்கும் கண்களையே அவர் குறித்தார் என்பர் சிலர். நாயகியின் முகத்தை என்பர் வேறு சிலர். எதுவாயினும், ஓவியர் கொடுத்ததை எழுத்தாளர் பெற்றுக்கொண்டார் என்பது உறுதி. செல்வத்தின் ஒளி, அதற்குமேல் அடைய முடியாத முகம், அந்த முகத்தில் ஒரு துளித் துயரம். நாவலின் கருப்பொருள் முழுவதும் அங்கே இருக்கிறது. ஆயினும் கதையின் ஒரு காட்சிகூட அங்கே வரையப்படவில்லை.

அந்த அட்டை எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை. எர்னெஸ்ட் ஹெமிங்வே அதை வெறுத்து, உறையைக் கழற்றிவைத்துவிட்டே நாவலைப் படித்ததாகத் தம் பாரிஸ் நினைவுகளில் எழுதியிருக்கிறார். சுவை வேறுபடலாம். உண்மையான அட்டை எல்லாருக்கும் இனிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது கதைக்குத் துரோகம் செய்யலாகாது என்றே சொல்கிறேன்.

டொலோரஸின் வழக்கு

இனி, துரோகம் செய்த அட்டைக்கு வருவோம். இங்கே என் குரல் சற்று உயரும், வாசகர் பொறுத்தருள்க.

விளாதிமிர் நபக்கோவின் 'லோலிட்டா' 1955இல் பாரிசில் முதலில் வெளியாயிற்று. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைத் தாய் இறந்தபின் தன் பிடியில் வைத்துச் சீரழிக்கும் நடுவயது ஆடவன் ஒருவன், தன் வாய்மொழியாகவே சொல்லும் கதை அது. அவன் கற்றவன், சொல்வன்மை மிக்கவன், தன் குற்றத்தைக் காதலென்று நம்பவைக்க வல்லவன். அச்சிறுமியே தன்னை மயக்கியதாகச் சாதிக்கிறான். இந்தப் பொய்யைக் கடந்து உண்மையைக் காண்பதே வாசகருக்கு நபக்கோவ் வைக்கும் சோதனை. அவள் ஒவ்வோர் இரவும் விம்மி அழுததை அவனே ஓரிடத்தில் தன்னையறியாமல் சொல்லிவிடுகிறான். அந்த ஒரு வாக்கியத்தில் நாவலின் அச்சு இருக்கிறது.

'லோலிட்டா' அவளது பெயருமன்று. அவன் தன் இச்சைக்குச் சூட்டிக்கொண்ட பெயர். அவள் பெயர் டொலோரஸ். வியாகுலங்கள் என்பது அதன் பொருள். வியாகுல அன்னையின் நினைவாக இடப்படும் பெயர். நம் பங்குகளிலும் இப்பெயர் பூண்ட சகோதரிகள் உள்ளனர். தன் பெயரிலேயே துயரத்தைச் சுமந்த அச்சிறுமி, கதையின் முடிவில் பதினேழு வயதில் பிள்ளைப்பேற்றில் இறந்துபோகிறாள்.

1958இல் அமெரிக்கப் பதிப்பு ஆயத்தமானபோது நபக்கோவ் பதிப்பாளருக்குத் தம் விருப்பத்தை எழுதினார். தூய வண்ணங்கள், கரையும் மேகங்கள், மழைக்குப்பின் வண்டித் தடங்களில் ஒளி மின்ன விலகிச்செல்லும் ஒரு சாலை ஆகியவை இருக்கலாம். சிறுமியின் உருவம் மட்டும் எவ்விதத்திலும் கூடாது என்றார். அப்பதிப்பு எழுத்துகள் மட்டுமே கொண்ட எளிய அட்டையோடு வந்தது. அது நன்று.

பிறகு நடந்தது என்ன? 1962இல் ஸ்டான்லி கூப்ரிக்கின் திரைப்படம் வந்தது. அதன் விளம்பரத்திற்கென எடுக்கப்பட்ட நிழற்படத்தில், இதய வடிவச் சிவப்புக் கண்ணாடி அணிந்து மிட்டாயைச் சுவைத்தபடி ஒரு பெண் நம்மைப் பார்க்கிறாள். இதய வடிவக் கண்ணாடி நாவலில் இல்லை, திரைப்படத்திலும் இல்லை. விளம்பரத்தில் மட்டுமே உண்டு. ஆயினும் அப்படமும் அதன் சாயலில் பிறந்த உதடுகளும் கால்களும் குட்டைப் பாவாடைகளும் பல நாடுகளில் அந்நாவலின் அட்டையை நிறைத்தன. குற்றவாளி தன் வாக்குமூலத்தில் சொன்ன பொய்யையே அட்டை தன் சாட்சியமாக எடுத்துச்சொன்னது. நாவல் எந்தப் பொய்யை உடைக்க எழுதப்பட்டதோ, அந்தப் பொய்யே அதன் நெற்றியில் ஒட்டப்பட்டது. மயக்குபவள் என்று பொருள்படும் பொதுச்சொல்லாகவே அச்சிறுமியின் பெயர் உலக வழக்கில் இன்று திரிந்து கிடக்கிறதென்றால், அந்த அட்டைகளுக்கு அதில் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

பிறர்மீது பொய்ச்சான்று சொல்லலாகாது என்று மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். பொய்ச்சான்று வாயால் மட்டுமே சொல்லப்படுவதன்று, வண்ணத்தாலும் சொல்லப்படுகிறது. கதைமாந்தர் கற்பனைதானே, அவருக்கென்ன மானம் என்று கேட்கலாம். டொலோரஸ் கற்பனை. ஆனால் அவளைப்போல் துன்புற்ற சிறுமியர் கற்பனையல்லர். 'அவளே வலிய வந்தாள்' என்று ஊர் சொல்லும்போது அந்த ஊரின் நாக்கில் இருப்பது இத்தகைய படங்களின் நஞ்சே.

2013இல் ஜான் பெர்ட்ராம், யூரி லேவிங் ஆகிய இருவரும் இந்த அட்டைகளின் வரலாற்றையே ஒரு நூலாகத் தொகுத்து, வடிவமைப்பாளர்கள் பலரிடம் புதிய அட்டைகளைக் கேட்டுப் பெற்று அதில் வெளியிட்டனர். துறைக்குள்ளேயே மனச்சான்று விழித்தது என்பதற்கு இது அடையாளம்.

"விற்க வேண்டாமா?"

பதிப்பாளரின் மறுமொழி எனக்குக் கேட்காமல் இல்லை. "ஐயா, நீங்கள் அறநெறி பேசுகிறீர்கள், நான் அச்சகத்திற்குக் கடன் செலுத்த வேண்டும். சில நூறு படிகள் அச்சிட்டு அவற்றை விற்பதற்குள் மூச்சு முட்டுகிறது. கண்ணைக் கவராத அட்டையை யார் கையில் எடுப்பார்?" இது நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும்.

முதலாவது, பெண்ணுடலும் பளபளப்பும்தான் விற்கும் என்பது மெய்ப்பிக்கப்படாத நம்பிக்கை. 1935இல் இங்கிலாந்தில் ஆலன் லேன் தொடங்கிய பென்குவின் நூல்களுக்கு அட்டைப்படமே கிடையாது. மூன்று பட்டைகள், நடுவில் நூற்பெயர், அடியில் ஒரு பறவை. நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம். விலை ஆறு பென்ஸ். ஓராண்டுக்குள் 30 இலட்சம் படிகள் விற்றன. மேற்சொன்ன 'லோலிட்டா'வின் படமற்ற அமெரிக்கப் பதிப்பு மூன்றே வாரங்களில் ஓர் இலட்சம் படிகள் விற்றது. அந்நூலைச் சூழ்ந்த பரபரப்பே அதற்குக் காரணம் எனலாம், ஒப்புக்கொள்கிறேன். அட்டைப்படம் காரணமன்று என்பதை அவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். மறுபுறம், இன்று உலகமே போற்றும் குகாட்டின் ஓவியம் 'கேட்ஸ்பி'யை அன்று விற்றுக்கொடுக்கவில்லை. 1925இல் அச்சிட்ட இரண்டாம் அச்சின் படிகள் ஆசிரியர் 1940இல் இறக்கும்போதும் கிடங்கில் எஞ்சியிருந்தன. விலை, கடைகளுக்குச் செல்லும் வழி, வாசகர் வாய்ச்சொல் ஆகியவையே நூலை விற்கின்றன. பழியை மட்டும் அட்டை சுமக்கிறது.

இரண்டாவது, பொய்யான அட்டை தவறான வாசகரை அழைத்துவந்து ஏமாற்றுகிறது. சரியான வாசகரை விரட்டிவிடுகிறது. எங்கள் ஆசிரியரின் பேத்தியை நினைத்துப்பாருங்கள்.

சோம்பல் என்பது இன்னொரு குற்றம். ஆப்பிரிக்காவின் எந்த நாட்டிலிருந்து நாவல் வந்தாலும், மேலைநாட்டுப் பதிப்பகங்கள் செம்மஞ்சள் வானத்தையும் ஒற்றை வேலமரத்தையும் அட்டையில் வைத்துவந்ததை 2014இல் பலர் எடுத்துக்காட்டி எள்ளினர். இந்திய நாவலென்றால் சேலை முந்தானை, மருதாணிக் கை, மாம்பழம். பிறர் நம்மை அவ்வாறு வரையும்போது நமக்குச் சினம் வருகிறது. நம் பதிப்பகங்களோ சிற்றூர்க் கதையென்றால் ஒரு மாட்டுவண்டியையும், பெண்ணின் கதையென்றால் கண்ணீர் வடியும் ஒரு முகத்தையும் போட்டு முடித்துவிடுவதில்லையா? இன்று நிலைமை இன்னும் எளிது. கணினியிடம் நான்கு சொற்களைக் கொடுத்தால் நொடியில் படம் வருகிறது. அந்தப் படத்தைத் தந்த பொறி நாவலைப் படிக்கவில்லை. பல வேளைகளில், அதைக் கேட்டவரும் படிக்கவில்லை.

செய்யத்தக்கது

குறைசொல்லி நிறுத்துவது எளிது. ஆகவே சிலவற்றை முன்வைக்கிறேன்.

ஓவியர் கையெழுத்துப் படி முழுவதையும் படிக்க வேண்டும். பதிப்பாளர் அதற்கான காலத்தையும் ஊதியத்தையும் தர வேண்டும். கதைச்சுருக்கத்தைத் தொலைபேசியில் சொல்லி மறுநாளே படம் கேட்பது ஓவியருக்கும் இழுக்கு, எழுத்தாளருக்கும் இழுக்கு. படித்தபின் ஓவியர் தம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். இக்கதையில் உண்மையில் மாறுவது எது? கதைசொல்லி மறைப்பது எதை? வாசகர் தாமே கண்டடைய வேண்டியதாக ஆசிரியர் விட்டுவைத்திருப்பது எது? முதல் கேள்வியின் விடை அட்டைக்குக் கரு. இரண்டாவதன் விடை, யார் பக்கம் நிற்பது என்பதைக் காட்டும். மூன்றாவதன் விடையை அட்டையில் வரையவே கூடாது.

பஞ்சாலைத் தொழிலாளியின் அந்த நாவலுக்கு நான் ஓவியனாக இருந்தால் என்ன வரைவேன்? பூட்டிய ஆலைக் கதவின் கம்பியில் தொங்கும் ஒரு சோற்றுத் தூக்கு, அவ்வளவே. அவள் முகம் வேண்டாம். அந்த முகத்தை வாசகர் வரையட்டும். படமே வேண்டாம் என்றாலும் தவறில்லை. எழுத்தின் வடிவமும் வெற்றிடமும் பேசும். தமிழ் எழுத்தின் கோடுகளே ஓவியமாக நிற்க முடியும் என்பதை 2008இல் மறைந்த ஓவியர் ஆதிமூலம், நூல்களுக்கும் இதழ்களுக்கும் எழுதித்தந்த தலைப்பெழுத்துகளில் காட்டிச் சென்றிருக்கிறார். அட்டை ஓவியரின் பெயரை நூலின் முதற்பக்கங்களில் தவறாமல் அச்சிட வேண்டும். பெயர் வந்தால் பொறுப்பும் வரும்.

நம் பங்கு

கடைசியாக, பழியில் ஒரு பகுதியை நாமும் ஏற்க வேண்டும். அட்டையைப் பார்த்து நூலுக்குத் தீர்ப்பிடுவது நம்மிடையே பக்தியாகவே பேணப்பட்டு வந்திருக்கிறது. பளபளக்கும் அட்டையைக் கண்டு ஒரு கூட்டம் வாங்குகிறது. அதே அட்டையைக் கண்டு இன்னொரு கூட்டம் முகம் சுளிக்கிறது. இரு கூட்டத்தாரும் நூலைத் திறக்கவில்லை. அட்டை பொய் சொன்னது அச்சகத்தில். அந்தப் பொய்யை நம்பியது நாம். இந்தப் பழக்கத்தில் என்னைப் போன்ற குருக்களுக்கும் பங்குண்டு. நூலைப் படிக்காமலே மேடையிலிருந்து கண்டித்தவர்களை நான் அறிவேன்; இளமையில் நானும் ஒருமுறை அவ்வாறு செய்தேன்.

ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டிலோ பங்கு நூலகத்திலோ ஒரு நாவலைப் படித்து முடித்ததும் அட்டையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். உள்ளே நீங்கள் சந்தித்த மனிதர் அங்கே இருக்கிறாரா? இருந்தால் பதிப்பாளருக்கு ஓர் அஞ்சலட்டையில் நன்றி எழுதுங்கள். இல்லையெனில், எது இல்லை என்பதைப் பணிவுடன், ஆனால் தெளிவாக எழுதுங்கள். வாசகரின் பத்துக் கடிதங்களைப் புறக்கணிக்கத் துணியும் பதிப்பாளர் நம் நாட்டில் இல்லை. கடிதம் எழுதும் வாசகர்தாம் இல்லை.

எங்கள் நூலகத்தில் அந்த நாவல் இன்னும் இருக்கிறது. செய்தித்தாள் உறை கிழிந்துபோனபின், மறைக்கல்வி மாணவி ஒருத்தி வெள்ளைத்தாளில் புதிய உறை போட்டு, கறுப்பு மையால் நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் எழுதி, கீழே ஒரு தூக்குச்சட்டியை வரைந்து வைத்திருக்கிறாள். நாவலைப் படித்துவிட்டு வரைந்தாளாம். அதன் பிறகு அந்நூல் அலமாரியில் அதிக நாள் தங்குவதில்லை.